பவல் தெருவின் அசாஹி

1936 மே மாதம் வான்கூவர் நகரத்து ஜப்பானியச் சமூகம் நான்கு பேரை ஒட்டாவாவுக்கு அனுப்பிவைத்தது. சாமுவேல் ஹயகாவா, எட்வர்ட் பானோ, மினோரு கோபயாஷி, ஹிதே ஹியோதோ. நால்வரும் படித்தவர்கள், கனடாவிலேயே வளர்ந்த தலைமுறை. நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, எங்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று நல்ல ஆங்கிலத்தில் கேட்டார்கள். கிடைக்கவில்லை. (ஹயகாவா பின்னாளில் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் செனட்டராகவே ஆனார் என்பது தனிக் கதை.) அடுத்த ஆண்டு, அதே சமூகத்தின் பேஸ்பால் அணியான வான்கூவர் அசாஹி, பசிபிக் வடமேற்குப் பகுதியின் சாம்பியன் ஆனது. 1941 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்தப் பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த இரண்டு செய்திகளையும் பெரும்பாலும் தனித்தனியாகவே எழுதுகிறார்கள். முதலாவது அரசியல் வரலாற்றில் வரும். இரண்டாவது விளையாட்டு வரலாற்றில். விளையாட்டு வரலாற்றில் வரும்போது கதைக்கு ஒரு இனிப்பும் சேர்ந்துவிடுகிறது: ஒதுக்கப்பட்ட மக்கள் தங்கள் ஆட்டத்தால் வெள்ளையர் மனத்தை வென்றார்கள் என்று. கைதட்டல் உண்மைதான். அந்தக் கைதட்டல் எதை வாங்கித் தந்தது, எதை வாங்கித் தரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அசாஹியின் கதை விளங்கும்.

அணி பிறந்தது 1914இல். பிறந்த இடம், துறைமுகத்தையும் மர அறுவை ஆலையையும் ஒட்டிய பவல் தெரு. ஆலைக் கூலிகள், மீனவர்கள், விடுதி நடத்துபவர்கள், சிறு கடைக்காரர்கள் என்று ஜப்பானியர் அங்கே நெருங்கி வாழ்ந்தார்கள். மீனவர்களில் பலருக்குப் பூர்வீகம் வாகயாமா கடற்கரை. பவல் தெருக் கடைக்காரர்களில் நிறையப் பேருக்கு ஷிகா. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1895லேயே ஜப்பானியருக்கு வாக்குரிமை இல்லை என்று சட்டம் செய்திருந்தது. தோமேகிச்சி ஹொம்மா என்பவர் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கோரி வழக்காடினார். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. வாக்கு இல்லை என்பதோடு விஷயம் முடியவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் வழக்கறிஞர் ஆக முடியாது, மருந்தாளுநர் ஆக முடியாது. கனடாவில் பிறந்த பிள்ளைக்கும் இதே விதி.

1907 செப்டம்பரில் ஆசியர் விலக்குக் கழகத்தின் பேரணி கலவரமாக மாறி, சீனர் பகுதியை நொறுக்கிவிட்டுப் பவல் தெருவுக்குள் நுழைந்தது. அங்கே எதிர்ப்பு இருந்தது; ஜப்பானியர் கல்லும் தடியுமாகத் திருப்பி அடித்தார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டே, கனடாவுக்கு வரும் ஜப்பானியத் தொழிலாளர் எண்ணிக்கையை ஆண்டுக்கு 400 என்று சுருக்கும் உடன்பாடு வந்தது. அசாஹி தொடங்கிய அதே 1914இல், மே முதல் ஜூலை வரை, கோமகட்டா மாரு கப்பல் 376 இந்தியப் பயணிகளோடு அதே துறைமுகத்தில் நின்றது. மிகச் சிலரைத் தவிர எவரையும் இறங்கவிடாமல் அது திருப்பி அனுப்பப்பட்டது. நம்மவர்களுக்கு இந்தக் கப்பல் தெரியும். அந்தக் கப்பல் தெரியும் தொலைவில் ஒரு பேஸ்பால் அணி உருவாகிக்கொண்டிருந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. இரண்டையும் சூழ்ந்திருந்த சட்டங்கள் ஒரே மனத்திலிருந்து வந்தவை.

கனடா வெள்ளையரிடம் பார்த்துக் கற்றுக்கொண்ட ஆட்டம் என்றும் பேஸ்பாலை நினைத்துவிடக் கூடாது. ஜப்பானுக்குள் பேஸ்பால் 1872இலேயே ஹோரஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் வழியாக வந்துவிட்டது. 1896இல் தோக்கியோவின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் யோகோஹாமா அமெரிக்கர்களைத் தோற்கடித்து நாடெங்கும் பேசப்பட்டார்கள். ஆகவே பவல் தெருவில் வந்திறங்கியவர்களில் பலர் ஆட்டத்தை ஏற்கெனவே அறிந்தவர்கள். அசாஹிக்கு முன்பே நிப்பான்ஸ் என்றொரு அணியும் அங்கே இருந்தது. கனடா அவர்களுக்குப் புதிதாகத் தந்தது எதிரணிகளை மட்டும்தான்.

மைதானம் பவல் தெருவுக்கும் கோர்டோவா தெருவுக்கும் இடையே ஒரே ஒரு கட்டடத் தொகுதி அளவு நிலம். வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து போய் ஆட்டம் பார்க்கலாம். ஆடியவர்கள் ஆலையிலும் கடையிலும் மீன்பிடிப் படகிலும் வேலை செய்தவர்கள். ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. செலவைத் தெருக் கடைக்காரர்கள் ஏற்றார்கள். சில ஆண்டுகளிலேயே சிறுவர் அணிகளும் கிளைத்தன: ஒரு பையன் சின்ன அணியில் சேர்ந்து, வயதும் திறமையும் ஏற ஏற மேல் அணிக்குப் போவான். தெருவில் பிறந்த ஏறக்குறைய ஒவ்வொரு பையனுக்கும் அசாஹி சட்டை ஒரு கனவாக இருந்ததற்கு இந்த ஏணி ஒரு காரணம். வாக்கு இல்லாத, பல தொழில்கள் மூடப்பட்ட ஒரு ஊரில், தகுதி இருந்தால் ஏறலாம் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லாமல் காட்டக்கூடிய ஏணி அது ஒன்றுதான்.

1919இல் இன்டர்நேஷனல் லீக் பட்டம் வந்தது. 1921இல் ஜப்பானுக்கே போய் ஆடிவிட்டு வந்தார்கள். ஆனால் நகரத்தின் பெரிய வெள்ளையர் அணிகளோடு மோதியபோது தோல்விகள் குவிந்தன. எதிரணிக்காரர்கள் உயரமும் எடையும் கொண்டவர்கள். பந்தை வேலி தாண்டி அடிப்பவர்கள். 1920களில் அணியை நடத்திய ஹாரி மியாசாகி இதற்கு ஒரு விடை கண்டார். வான்கூவர் ரசிகர்கள் அதை ‘பிரெய்ன் பால்’ என்றார்கள், மூளையால் ஆடும் பேஸ்பால்.

கிரிக்கெட் மட்டும் அறிந்த வாசகருக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் மட்டை உருளை வடிவம். 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து பந்து தரையில் படாமல் நேராக வரும். அடித்தவர் 90 அடி ஓடி முதல் பேஸைத் தொட வேண்டும். அப்படி நான்கு பேஸ்களையும் சுற்றி வந்தால்தான் ஒரு ஓட்டம். பலசாலி இதைச் சுருக்கிவிடுவார்: ஒரே அடி, பந்து வேலிக்கு வெளியே. பலம் குறைந்தவருக்கு உள்ள வழி ‘பன்ட்’. மட்டையை வீசாமல் குறுக்கே பிடித்து, பந்தின் வேகத்தை அதிலேயே சாகடித்து, காலடிக்குச் சில அடி முன்னால் உருளவிடுவது. தற்காப்பாட்டம் போலத் தெரியும், உண்மையில் தாக்குதல். பந்தை எறிந்தவரோ மூன்றாம் பேஸ்காரரோ ஓடிவந்து, குனிந்து, எடுத்து, திரும்பி, 90 அடி எறிய வேண்டும். அதற்குள் வேகமான கால்கள் முதல் பேஸைத் தொட்டிருக்கும். எறிதல் தவறினால் இரண்டாவதையும் தொட்டிருக்கும்.

இதன் உச்சம் ‘ஸ்க்வீஸ்’. மூன்றாம் பேஸில் நிற்பவர், எதிரணிக்காரர் கையிலிருந்து பந்து கிளம்பும்போதே ‘வீடு’ எனப்படும் நான்காவது பேஸை நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஓடத் தொடங்குவார். மட்டைக்காரர் எப்படியாவது அந்தப் பந்தை மட்டையில் தொட்டுக் கீழே உருட்டியாக வேண்டும். தவறினால் ஓடிவருபவர் நேராக எதிரியின் கையில். இருவருக்கும் இடையே ரகசியச் சைகை, ஆயிரம் முறைப் பயிற்சி, பிறகு பரஸ்பர நம்பிக்கை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் நடக்காது. அசாஹி இதை அன்றாடச் சாப்பாடாக்கினார்கள். ஒரு அடி கூட முறையாகப் படாமல் 3–1 என்று வென்ற ஆட்டம் ஒன்று அந்தச் சமூகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. நம்ப முடியாதது போலத் தோன்றினாலும் ஆட்ட விதிகளுக்குள் இது சாத்தியமே: நான்கு தவறான பந்துகளுக்கு ஒருவர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவார், அடுத்த பந்து எறியப்படும்போதே ஓடி இரண்டாவதைத் ‘திருடுவார்’, ஒரு பன்ட் அவரை மூன்றாவதுக்குத் தள்ளும், இன்னொரு பன்ட் வீட்டுக்குக் கொண்டுவரும். எதிரணியின் பதற்றம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இதை ‘சின்ன உடம்புக்கேற்ற ஆட்டம்’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. 1890களின் பால்டிமோர் ஓரியோல்ஸ் காலத்திலிருந்து முதல் உலகப் போர் வரை அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலே பன்டும் திருட்டுமாகத்தான் இருந்தது. 1920க்குப் பிறகு, பந்தை வேலி தாண்டி அடித்த பேப் ரூத்தின் மட்டை எல்லோரையும் வேலிப் பக்கம் பார்க்க வைத்தது. வான்கூவரில் மற்ற அணிகள் புது நாகரிகத்தின் பின்னால் போனபோது, அசாஹி பழைய அமெரிக்க ஆட்டத்தைக் கைவிடாமல் கூர்தீட்டினார்கள். ஜப்பானியப் பள்ளிகளின் கடும் பயிற்சி மரபும் அதற்குத் துணை நின்றது. உயரக் குறைவு ஒரு காரணம் மட்டுமே. 1926, 1930, 1933 ஆண்டுகளில் டெர்மினல் லீக் பட்டம், 1938 முதல் மூன்று ஆண்டுகள் பர்ரார்ட் லீக் பட்டம் என்று விளைவு வந்தது. வெள்ளையர் ரசிகர்களும் திரண்டார்கள். ராய் யமமுரா போன்ற ஆட்டக்காரர்களின் பெயர் ஜப்பானியர் அல்லாத வீடுகளிலும் அறிமுகமானது.

அசாஹியைப் பற்றி எல்லோரும் சொல்லும் இன்னொரு செய்தி அவர்களின் கண்ணியம். நடுவரின் தீர்ப்பு எவ்வளவு அநியாயமாக இருந்தாலும் வாதாடக் கூடாது, எதிராளி முரட்டுத்தனமாக மோதினாலும் கை ஓங்கக் கூடாது என்பது அணியின் கட்டுப்பாடு. இதைப் பண்பாட்டின் வெளிப்பாடு என்று பாராட்டுவார்கள். பாராட்டலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு எந்த ஊரில் விதிக்கப்பட்டது என்பதையும் நினைக்க வேண்டும். அணி பிறப்பதற்கு ஏழாண்டுக்கு முன் தெருவுக்குள் கும்பல் வந்த ஊர் அது. ஒரு வெள்ளையர் அணி நடுவரோடு சண்டை போட்டால் அது ஒரு ஆட்டத்தின் சச்சரவு. ஜப்பானியர் அணி சண்டை போட்டால் அது ‘இவர்கள் இங்கே பொருந்தமாட்டார்கள்’ என்பதற்குச் சான்று. கோபப்படும் உரிமைகூடச் சமமாகப் பங்கிடப்படாத இடத்தில், பொறுமையை முழுக்க முழுக்கச் சுயமாகத் தேர்ந்த குணம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதே நேரத்தில், அதை வெறும் பணிவு என்றும் சொல்லிவிட முடியாது. மட்டையைத் தாழ்த்தி எதிரணியைப் பதற வைத்த அதே மனக்கணக்கு இதிலும் இருந்தது: பார்வையாளர் எவர் பக்கம் சாய்வார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சாய்ந்தார்கள்தான், மைதானத்துக்குள். வெளியே கணக்கு வேறாக ஓடியது. 1920களில் ஜப்பானியருக்கான மீன்பிடி உரிமங்கள் படிப்படியாக வெட்டப்பட்டன. முதல் உலகப் போரில் கனடா ராணுவத்தில் சேர்ந்து போரிட்ட ஜப்பானியர் இருநூற்றுக்கும் மேல். அவர்களில் உயிரோடிருந்தவர்களுக்கு மட்டும் 1931இல் வாக்குரிமை வந்தது. அதற்கே போர் முடிந்து 13 ஆண்டுகள் ஆயின. பிரான்சின் பதுங்குகுழியில் ரத்தம் சிந்தியதற்கே இவ்வளவு தாமதம் என்றால், ஒரு ஸ்க்வீஸ் பன்டுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? 1936இல் ஒட்டாவா போன நால்வரும் வெறுங்கையோடு திரும்பியது, ரசிகர்களுக்கு அசாஹியைப் பிடிக்காததால் அல்ல. ரசிப்பது ஒரு விஷயம், உரிமை தருவது இன்னொரு விஷயம். முன்னதற்குச் செலவு கிடையாது.

1941 செப்டம்பரில் அந்தப் பருவத்தின் ஆட்டங்கள் முடிந்தன. டிசம்பரில் பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. 1942 பிப்ரவரி 24 அன்று கனடா அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. கடற்கரையிலிருந்து 100 மைலுக்குள் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரையும் வெளியேற்றும் அதிகாரத்தை அது தந்தது. ஏறத்தாழ 22,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் கனடாவிலேயே பிறந்தவர்கள் அல்லது குடியுரிமை பெற்றவர்கள். அவர்களால் நாட்டுக்கு ஆபத்து இல்லை என்று ராணுவத்தின் மேல்மட்டத்திலேயே கருத்து இருந்தும் அரசியல் வென்றது. சுமார் 1,200 மீன்பிடிப் படகுகள் பறிமுதலாயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் முதலில் ஹேஸ்டிங்ஸ் பார்க்கில், கண்காட்சிக்கு வரும் கால்நடைகளைக் கட்டும் கொட்டகைகளில் தங்கவைக்கப்பட்டன. பிறகு உட்பகுதி மலைகளில் கைவிடப்பட்டுக் கிடந்த சுரங்க ஊர்களுக்கும் புதிதாக எழுப்பிய முகாம்களுக்கும் அனுப்பப்பட்டன: ஸ்லோகன், நியூ டென்வர், காஸ்லோ, கிரீன்வுட், லெமன் க்ரீக், தாஷ்மி. பாதுகாத்துத் திருப்பித் தருவதாகச் சொல்லி எடுத்துக்கொண்ட வீடுகளையும் கடைகளையும் 1943 முதல் உரிமையாளர் சம்மதமின்றி அரசு விற்றது. பவல் தெருவின் கடைகள் போயின. கடைகளோடு அணியின் வருமானம், சிறுவர் அணிகள், வீட்டுக்கு எதிரே இருந்த மைதானம் எல்லாம் போயின. அசாஹி என்ற அமைப்பு அதோடு முடிந்தது. ஆட்டக்காரர்கள் வெவ்வேறு முகாம்களுக்குச் சிதறினார்கள்.

இங்கேதான் அந்த ஏணியின் உண்மையான மதிப்பு தெரிகிறது என்று நான் கருதுகிறேன். சிதறியவர்கள் போன இடமெல்லாம் மைதானம் போட்டார்கள். கல் பொறுக்கி, நிலம் சமப்படுத்தி, அணி சேர்த்து, முகாமுக்கு முகாம் போட்டி வைத்தார்கள். எப்படிப் பையன்களைத் திரட்டுவது, எப்படிப் பயிற்சி தருவது, எப்படிப் பட்டியல் போட்டு லீக் நடத்துவது என்பதெல்லாம் அவர்கள் கையில் இருந்த தொழில்.

லில்லூயெட் ஊருக்கு எதிர்க்கரையில் அமைந்த முகாமில் நடந்தது இதில் மிகவும் அறியப்பட்டது. அங்கே அடைபட்டவர்களில் ஒருவர் கே கமினிஷி, 1939இல் அசாஹியில் சேர்ந்த மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர். முகாம்வாசிகளுக்கு ஆற்றுப் பாலம் கடந்து ஊருக்குள் போக அனுமதியில்லை. ஊர் இளைஞர்களோடு ஒரு பேஸ்பால் ஆட்டம் வைத்தால் என்ன என்று அவர் அங்கிருந்த காவலரிடம் கேட்டார். காவலர் ஒப்புக்கொண்டார். ஆட்டம் நடந்தது, பாலத்தின் இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் முதன்முதலாக அருகில் பார்த்தார்கள், பிறகு போக்குவரவு மெல்லத் தளர்ந்தது. வான்கூவரில் 27 ஆண்டு ஆட்டம் சட்டத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. லில்லூயெட்டில் ஓர் ஆட்டம் ஒரு பாலத்தைத் திறந்தது. அங்கே மாற்றவேண்டியிருந்தது ஒரு சின்ன ஊரின் பயத்தை மட்டும். வாக்குகளை எண்ணிப் பிழைக்கும் மாகாண அரசியலை அல்ல. விளையாட்டின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நல்ல அளவுகோல்.

போர் முடிந்த பிறகும் அவர்களைக் கடற்கரைக்குத் திரும்ப விடவில்லை. ராக்கி மலைக்குக் கிழக்கே போங்கள், இல்லையென்றால் ஜப்பானுக்குப் போங்கள் என்றது அரசு. ஏறத்தாழ 4,000 பேர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார்கள். தடை முழுதாக நீங்கியதும் வாக்குரிமை முழுமையாக வந்ததும் 1949 ஏப்ரலில்தான். அதற்குள் குடும்பங்கள் டொரொன்டோ, மொன்றியல் என்று வேரூன்றிவிட்டன. இளைஞர்கள் அங்கும் அணிகள் அமைத்து ஆடினார்கள். பழைய அசாஹி மீண்டும் ஓர் அணியாகக் கூடவில்லை. பெற்றோர் பழைய கதையைப் பிள்ளைகளிடம் பேசவில்லை. 1988இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டாலர் இழப்பீடு அறிவித்த பிறகுதான் பல வீடுகளில் வாய் திறந்தது. சிறுமியாகப் பவல் தெருவில் ஆட்டம் பார்த்து வளர்ந்த பாட் அடாச்சி, முன்னாள் ஆட்டக்காரர்களைத் தேடிப் போய்ப் படங்களையும் நினைவுகளையும் திரட்டி 1992இல் ஒரு நூலாக வெளியிட்டார். அசாஹி ஆய்வு முழுவதற்கும் அதுவே அடித்தளம்.

அதன் பிறகு கௌரவங்கள் வேகமாக வந்தன. 2003இல் கனடா பேஸ்பால் புகழ்மண்டபம் அணியைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு ஜாரி ஆஸ்போர்ன் இயக்கிய ஆவணப்படம். 2014இல் இஷீ யூயா இயக்கிய ஜப்பானியத் திரைப்படம், வான்கூவர் திரைப்பட விழாவில் ரசிகர் விருது பெற்றது. 2019இல் அஞ்சல்தலை. தொலைக்காட்சிக்காக எடுத்த ஒரு நிமிடப் படமும் வந்தது. அணியில் உயிரோடிருந்த கடைசி ஆட்டக்காரரான கமினிஷி 2024 செப்டம்பரில் 102 வயதில் காலமானார்.

இந்தக் கௌரவங்களில் ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது. படகைப் பிடுங்கியதையும் வீட்டை விற்றதையும் நினைவுகூர்வதைவிட, நேர்த்தியாகப் பன்ட் ஆடிய ஓர் அணியை நினைவுகூர்வது ஒரு நாட்டுக்கு எளிது. அசாஹியைப் போற்றும்போது கனடா, அன்று கைதட்டிய கனடாவை முன்னிறுத்துகிறது. 1936இல் நால்வருக்கு மறுத்த கனடா பின்னால் நிற்கிறது. கைதட்டியவரும் வாக்கு மறுத்த வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தவரும் பல வேளைகளில் ஒரே ஆளாக இருந்திருக்க வேண்டும் என்பதை எந்த அஞ்சல்தலையும் சொல்லாது.

ஆய்வுக்கு மிச்சமும் இருக்கிறது. அணியைப் பற்றிய எழுத்துகள் நெடுங்காலம் வான்கூவர் ஆங்கில நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களையும் முதியவர்களின் நினைவையுமே நம்பியிருந்தன. ஆங்கில நிருபர் பார்த்தது வேலிக்கு வெளியே நின்ற ஒருவரின் பார்வை. பவல் தெரு தன்னைப் பற்றித் தன் மொழியில் எழுதிக்கொண்டது ‘தைரிகு நிப்போ’ என்ற ஜப்பானிய நாளிதழில். 1907 முதல் 1941 வரை வெளிவந்து, பேர்ல் ஹார்பருக்குப் பின் மூடப்பட்ட அந்த இதழை பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் மின்வடிவில் பொதுவில் வைத்திருக்கிறது. யார் நன்கொடை கொடுத்தார், எந்தப் பையனை எந்த அணிக்கு ஏற்றினார்கள், தோற்ற நாளில் தெரு என்ன பேசியது என்று தேடவேண்டிய இடம் அது. பழைய ஜப்பானிய அச்செழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.